ஆயத்தம் என்னும் கண்ணி

தன்வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தாம் அடைந்தவற்றையே எழுதுவர். பெற்ற பட்டம், வகித்த பதவி, பழகிய பெரியோர், செய்து முடித்த காரியம் ஆகியவை பக்கங்களை நிரப்பும். தாம் கற்ற கல்வியே தமக்கு ஒரு காலத்தில் இடராய் நின்றது என்பதை மறைக்காமல் எழுதியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையார். 1910ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்’ என்னும் நூலை ஏழைகளுக்குச் செய்த தொண்டின் வரலாறு என்றே பலரும் படித்துப் பாராட்டி வந்துள்ளனர். அப்பாராட்டில் தவறில்லை, ஆயினும் அது நூலின் பாதியையே கண்ட பாராட்டு. கற்றவர்கள் கற்ற பின்னர் என்ன செய்வது என்னும் வினாவே இந்நூலின் உயிர். அவ்வினாவிற்கு நூல் எங்கே நேரிய விடை தருகிறது, எங்கே வழுவுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவின் கனத்தை அறிய அக்காலத்தை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி 1837இல் ஆண்களுடன் பெண்களையும் பட்டப் படிப்பிற்குச் சேர்த்துக் கொண்டது. 1865இல் வாஸர் கல்லூரியும், 1875இல் ஸ்மித், வெல்லெஸ்லி கல்லூரிகளும் பெண்களுக்கென்றே திறக்கப்பட்டன. வாயில் திறந்ததுமே அதை அடைக்க முயன்ற குரல்களும் எழுந்தன. ஹார்வர்டில் பணியாற்றிய எட்வர்ட் கிளார்க் என்னும் மருத்துவர், உயர்கல்வி பெண்ணின் உடலைக் கெடுத்துத் தாய்மைக்குத் தகுதியற்றவளாக்கும் என்று 1873இல் ஒரு நூல் எழுதினார். அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பட்டம் பெற்ற பெண்கள் அதற்குச் சினத்தால் விடை கூறவில்லை. தங்களுள் 705 பேரிடம் உடல்நலம் பற்றிய வினாக்களை விடுத்து, விடைகளைத் தொகுத்து, கல்வி உடலைக் கெடுக்கவில்லை என்று 1885இல் கணக்குடன் நிறுவினர். குற்றச்சாட்டைக் கணக்கினால் எதிர்கொள்ளும் இந்தப் பழக்கத்தை நாம் பின்னரும் காணப் போகிறோம்.

கல்லூரி வாயில் திறந்தது. ஆனால் அலுவலக வாயில் திறக்கவில்லை. சட்டம் கற்றுத் தேர்ந்த மைரா பிராட்வெல் என்னும் இல்லினாய் மாநிலத்துப் பெண்மணி, வழக்குரைஞராக அனுமதி கேட்டார். மணமான பெண் என்பதால் அவருக்கு அது மறுக்கப்பட்டது. அம்மறுப்பு செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1873இல் தீர்ப்பளித்தது. 1882இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற புளோரன்ஸ் கெல்லி, மேற்படிப்புக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியபோது, பெண் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார்; சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம் சென்றே அவர் மேலே படிக்க நேர்ந்தது. மேரி சர்ச் டெரல் என்னும் கறுப்பினப் பெண்மணி ஓபர்லினில் பட்டம் பெற்றுத் தலைநகர் வாஷிங்டனில் ஆசிரியப் பணி புரிந்தார். 1891இல் மணம் புரிந்ததும் அப்பணியை விட வேண்டியதாயிற்று. மணமான பெண் ஆசிரியராயிருத்தல் அங்கே விதிக்குப் புறம்பு. நான்கே ஆண்டுகள் கழித்து, 1895இல், அதே நகரத்தின் கல்விக் குழுவில் அவரே உறுப்பினராக அமர்ந்தார். வகுப்பறையில் நிற்கத் தகாதவர் என்று விலக்கப்பட்டவர் பள்ளிகளையே மேற்பார்வை செய்யும் குழுவில் இடம்பெற்றது விந்தையே.

ஜேன் ஆடம்ஸ் பிறந்தது 1860இல். ஊர் இல்லினாய் மாநிலத்தின் சிடர்வில். தந்தை மாவு ஆலை உரிமையாளர், மாநில மேலவை உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனின் நண்பர். தாயை இரண்டு வயதிலேயே இழந்த மகள், தந்தையையே தன் மனச்சான்றாகக் கொண்டு வளர்ந்தாள். நூலும் தந்தையின் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ராக்ஃபோர்ட் என்னும் பெண்கள் கல்விக்கூடத்தில் படித்து 1881இல் அவர் வெளிவந்தார். தேர்ச்சி பெற்ற நாளில் அவர் படித்த கட்டுரை கிரேக்கக் கதையில் வரும் கஸாண்ட்ரா என்பவளைப் பற்றியது. அவள் உண்மையையே கூறுவாள்; எவரும் நம்பமாட்டார். பெண் கூறும் உண்மை செவியேற வேண்டுமாயின், அவள் அறிவியல் துறையொன்றைக் கற்றுத் தன் சொல்லுக்கு அதிகாரம் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அக்கட்டுரையின் முடிபு. அம்முடிபின்படியே அவர் பிலடெல்பியா நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்னரே தந்தை காலமானார். முதுகெலும்பு நோய் வாட்டியது. படிப்பு நின்றது. தமக்கையின் வீட்டில் ஆறு மாதம் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார்.

அன்று தொடங்கி 1889 வரை எட்டு ஆண்டுகள் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. பொருள் இருந்தது, கல்வி இருந்தது, மனமும் இருந்தது. ஐரோப்பாவுக்கு இருமுறை பயணம் சென்றார். மொழிகள் கற்றார், ஓவியங்கள் கண்டார், மேலும் மேலும் தம்மை ஆயத்தம் செய்துகொண்டே இருந்தார். எதற்கு ஆயத்தம் என்பது மட்டும் தெரியவில்லை. இந்த எட்டு ஆண்டுகளைக் கூறும் அதிகாரத்திற்கு அவர் இட்ட தலைப்பு ‘ஆயத்தம் என்னும் கண்ணி’ என்பது. சொல் டால்ஸ்டாயினுடையது, பட்டறிவு அம்மையாருடையது. இளைஞர்கள் வாழ்வைத் தொடங்கும் முன்பே அவர்களின் கால்களைச் சுற்றிக்கொள்ளும் வலை அது என்று அவர் காண்கிறார். படித்த ஆணுக்குப் படிப்பு முடிந்ததும் ஒரு நாற்காலி காத்திருந்தது. படித்த பெண்ணுக்கு மீண்டும் படிப்பதைத் தவிர வேறு நாற்காலி இல்லை.

இந்த அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. நூலின் நடுத்தூண் அதுவே எனலாம். 1883ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில், ஞாயிறன்று விற்க முடியாமல் அழுகிப்போகும் காய்கனிகளை வண்டிகளில் வைத்து ஏலம் விடுகின்றனர். கந்தல் உடுத்த கூட்டம் காசுகளை நீட்டி முட்டி மோதுகிறது. ஏலத்தில் முட்டைக்கோஸ் ஒன்றைப் பெற்றவன் கழுவவும் பொறுக்காமல் அங்கேயே அதைக் கடித்துத் தின்கிறான். உயர்ந்து நீண்ட அந்த வெறுங்கைகள் அம்மையாரின் கண்ணை விட்டு அகலவில்லை. ஆயினும் அந்நேரத்தில் அவர் உள்ளத்தில் முதலில் எழுந்தது எது தெரியுமா? டி குவின்ஸி என்னும் ஆங்கில எழுத்தாளரின் ஒரு கட்டுரை! அக்கட்டுரையில் எழுத்தாளர் விரைந்தோடும் அஞ்சல் வண்டியின் மீது அமர்ந்திருக்கிறார். எதிரே காதலர் இருவர் சிறு வண்டியில் வருகின்றனர். கூவி எச்சரிக்க வேண்டும். ஆனால் ஹோமர் காவியத்தில் வரும் ஒரு கூச்சலை நினைவுக்குக் கொண்டுவந்த பின்னரே அவரால் வாய் திறக்க முடிகிறது. இலக்கியம் நாவைக் கட்டிவிட்டது. பசித்த கைகளைக் கண்ட வேளையில் தமக்கு ஒரு நூல் நினைவுக்கு வந்ததே, தாமும் அதே நோயினர் அல்லவா என்று அம்மையார் தம்மையே இடித்துரைத்துக் கொள்கிறார்.

இலக்கிய அன்பர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அம்மையார் நூல்களை வெறுத்தவர் அல்லர். பிற்காலத்தில் பல நூல்களை அவரே எழுதியவர். வாழ்க்கைக்கும் நமக்கும் இடையே நூல் திரையாக நிற்கும் நிலையையே அவர் கண்டிக்கிறார். அக்கண்டனத்தையும் வேறொரு நூலின் வழியாகவே அவரால் சொல்ல முடிந்தது என்பதை அவரே உணர்ந்து எழுதியிருப்பது இப்பகுதியின் சிறப்பு. தம் நோயைத் தாமே இவ்வளவு தெளிவாகக் கண்டு கூறிய தன்வரலாற்று ஆசிரியர் அரியர்.

கண்ணியை அறுத்த நாள் 1889 செப்டம்பர் 18. லண்டனில் பல்கலைக்கழக மாணவர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பணி செய்த டாயின்பீ மண்டபத்தைக் கண்டு வந்திருந்த அம்மையார், தம் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். ஹல் என்பவர் கட்டியதால் ஹல் ஹவுஸ் எனப் பெயர் பெற்ற வீடு அது. சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், போஹீமியர் எனப் பல நாட்டுக் குடியேறிகள். ‘இவர்களுக்கு உதவப் போகிறோம்’ என்னும் மிதப்பு அம்மையாரிடம் குறைவு. படித்த பெண்களுக்கும் இவ்வில்லம் தேவை என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். தெருவுக்குக் கல்வி வேண்டியிருந்தது போலவே, கல்விக்குத் தெருவும் வேண்டியிருந்தது.

அதன்பின் நிகழ்ந்ததை நூல் விரிவாகச் சொல்கிறது. முதல் கிறிஸ்துமஸ் நாளில் வந்த சிறுமியருக்கு மிட்டாய் கொடுத்தனர். சிலர் வாங்க மறுத்தனர். காரணம் கேட்டபோது, தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஆறு வாரமாக உழைப்பதாகவும், மிட்டாயைக் கண்ணால் காணவும் பிடிக்கவில்லை என்றும் கூறினர். இந்நிகழ்ச்சியை உருக்கமான ஒரு கதையாக எழுதி முடித்துவிடலாம். அவ்வில்லத்துப் பெண்கள் அவ்வாறு முடிக்கவில்லை. 1891 இறுதியில் மூன்று குழந்தைகளுடன் அங்கு வந்து சேர்ந்த புளோரன்ஸ் கெல்லி, வீடு வீடாகச் சென்று தையல் வேலைகளையும் சிறுவர் உழைப்பையும் கணக்கெடுத்தார். அதன் பயனாக 1893இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்தலாகாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை. அச்சட்டத்தை நிறைவேற்றும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியையே ஆளுநர் ஆல்ட்கெல்டு நியமித்தார். அவருக்குக் கீழே பதினொருவர். எட்டு மணி நேர விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் கெல்லி சட்டக் கல்வியில் பட்டம் பெற்றார்.

அம்மையாரே ஏற்ற அரசுப் பதவியோ குப்பை அகற்றும் பணியின் மேற்பார்வை. பத்தொன்பதாம் வார்டில் குப்பை மலையாய்க் குவிந்து குழந்தைகள் மாண்டனர். புகார்கள் பயன் தரவில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைத் தாமே கேட்டு விண்ணப்பித்தார். அது விதியொன்றைக் காட்டித் தள்ளப்பட்டது. ஆனால் அதனால் எழுந்த பேச்சின் விளைவாக, 1895இல் மேயர் அவரையே அவ்வார்டின் குப்பை ஆய்வாளராக்கினார். ஆண்டுச் சம்பளம் ஆயிரம் டாலர். காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டிகளின் பின்னே அவர் புறப்படுவார். ஒரு குறுகிய தெருவில் பல ஆண்டுக் குப்பையை அகற்றியபோது, எவரும் அறியாத கல் பாவிய தளம் அடியில் இருக்கக் கண்டனர். மரண எண்ணிக்கையில் நகரின் மூன்றாம் இடத்தில் இருந்த வார்டு ஏழாம் இடத்திற்கு இறங்கியது. பெண்ணுக்கு இது தகுமோ என்று அயலார் முகம் சுளித்தனர். நோயாளிக்குப் பணிவிடை செய்வது பெண்ணுக்குத் தகுமாயின், நோய் வராமல் தடுப்பது எப்படித் தகாததாகும் என்பது அம்மையாரின் எளிய விடை.

இந்நிகழ்ச்சிகளின் ஆண்டுகளை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பெண்கள் அனைவர்க்கும் பாலினம் காட்டி வாக்குரிமை மறுக்கலாகாது என்னும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது 1920 ஆகஸ்டில். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே இப்பெண்கள் கணக்கெடுத்தனர், சட்டம் இயற்றச் செய்தனர், அரசு அலுவலராகவும் அமர்ந்தனர். வாஸர் கல்லூரியில் 1880இல் பட்டம் பெற்று ஹல் ஹவுஸில் வாழ்ந்த ஜூலியா லாத்ரப் 1912இல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் துறைக்குத் தலைவரானார். வாக்கு முதலில், வேலை பின்னர் என்று நாம் வழக்கமாக எண்ணும் வரிசையை இவர்களின் வாழ்க்கை மாற்றிக் காட்டுகிறது. வேலையில் இறங்கிய பின்னரே வாக்கு இல்லாததன் இழப்பை இவர்கள் முழுமையாக உணர்ந்தனர். கெல்லி திரட்டிய சான்றைக் கொண்டு சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கெல்லிக்கு இல்லை. குப்பையை அள்ளாத நகராட்சி உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பும் உரிமை ஆடம்ஸுக்கு இல்லை. 1910இல் பெண்கள் இதழொன்றில் அம்மையார் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே: குழந்தை குடிக்கும் பாலும் நீரும் நகராட்சியின் கையில் இருக்கும்போது, வாக்கில்லாத தாய் தன் வீட்டையும் காக்க இயலாது. 1913இல் இல்லினாய் மாநிலம் நகராட்சித் தேர்தலிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் பெண்களுக்கு வாக்களித்தது.

நூலின் மிக உயர்ந்த பக்கங்கள் எவை என்று கேட்டால், வெற்றிகளைக் கூறும் பக்கங்களை நான் சுட்டமாட்டேன். ஒரு கணக்கரின் கதையைச் சுட்டுவேன். பணி முடக்கம் மிகுந்த குளிர்காலத்தில் வேலை இழந்த கணக்கர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். கால்வாய் வெட்டும் வேலை கிடைக்கும்போது உதவி கேட்பது முறையன்று என்று, அறநிறுவனங்களின் விதிப்படி அம்மையார் கூறினார். தாம் எப்போதும் உள்ளறையில் இருந்தே பணி செய்தவர், குளிரில் வெளிவேலை தாங்காது என்று அவர் பணிவாகச் சொன்னார். அம்மையார் விதியினின்று இறங்கவில்லை. அவர் இரண்டு நாள் கால்வாயில் வேலை செய்தார். நிமோனியா கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். அனாதைகளான இரு குழந்தைகளைப் பின்னாளில் காணும்போதெல்லாம் அந்நினைவு தம்மைக் குத்துவதாக அம்மையார் எழுதுகிறார். ஒருவருடைய வாழ்க்கையையும் வழக்கத்தையும் விசாரித்து அறியாமல் விதியை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பது அவர் பெற்ற பாடம். புகழை நாடும் தன்வரலாற்றில் இதற்கு இடம் இராது.

இதற்கு இணையாக ஒரு நகைச்சுவைக் காட்சியும் உண்டு. 1896இல் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைக் கண்டார். அம்மையாரின் சட்டைக் கைகளை இழுத்துப் பார்த்த டால்ஸ்டாய், ஒரு சிறுமிக்கு உடை தைக்க இத்துணி போதுமே என்றார். தம் உணவுக்குத் தாமே உழைக்க வேண்டும் என்னும் அவர் கொள்கையால் உந்தப்பட்டு, நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவது என்று அம்மையார் உறுதி பூண்டார். சிகாகோ திரும்பினார். காத்திருந்த மக்களையும், பிரிக்கப்படாத கடிதங்களையும் கண்டார். இவர்களை எல்லாம் காக்க வைத்துவிட்டு ரொட்டி சுட்டுத் தம் ஆன்மாவைக் காத்துக்கொள்வது பொருந்தாது என்று அவ்வுறுதியை விட்டார். செய்கை தூய்மைக்கன்று, தேவைக்கே என்னும் தெளிவு இங்கே கிட்டுகிறது.

இத்தகைய நேர்மை நூல் முழுவதும் ஒரே சீராக இல்லை என்பதையும் கூறியாக வேண்டும். முதற்குறை, ‘நாங்கள்’ என்னும் சொல். அம்மையார் நடை அமைதியானது, எவரையும் புண்படுத்தாதது. அந்த அமைதியில் தோழியரின் தனித்தனி முகங்கள் கரைந்து போகின்றன. கெல்லியின் அனல் பறக்கும் பேச்சும் கடுஞ்சினமும் அறிய வேண்டுமாயின் வேறு நூல்களைத்தான் நாட வேண்டும்.

இரண்டாம் குறை, சான்றைப் பற்றியது. 1902இல் சிகாகோவில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. நகர மக்களில் 36இல் ஒரு பங்கினரே வாழ்ந்த அவ்வார்டில், நகரத்து டைபாய்டு மரணங்களில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1893இல் மருத்துவப் பட்டம் பெற்று ஹல் ஹவுஸில் வாழ்ந்த ஆலிஸ் ஹாமில்டன் ஈக்களைப் பிடித்து ஆராய்ந்தார். திறந்த கழிவறைகளிலிருந்து ஈக்களே நோயைப் பரப்பின என்று முடிவு கூறினார். சுகாதாரத் துறை கலங்கியது. ஊழியர் பலர் பதவி இழந்தனர். ஆடம்ஸ் நூல் இதனை ஆராய்ச்சியின் வெற்றியாக விவரிக்கிறது. ஆனால் 1943இல் ஹாமில்டன் எழுதிய தன்வரலாறு வேறு செய்தி கூறுகிறது. நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட பழுதினால் கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்ததே உண்மைக் காரணம். நகர அதிகாரிகள் அதை மறைத்துவிட்டனர். தம் மற்ற ஆய்வுகளை விட இந்தத் தவறான ஆய்வுக்கே தமக்கு மிகுந்த புகழ் கிடைத்தது என்று அவரே எழுதிவிட்டார். ஈயம் முதலிய நச்சுப் பொருள்களால் தொழிலாளர் படும் துன்பத்தை 1910 முதல் ஆலை ஆலையாகச் சென்று ஆராய்ந்தவர் அவர். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிரியப் பணியில் அமர்த்திய முதற் பெண்மணியும் அவரே. ஆசிரியர் மன்றத்திற்குள் வரலாகாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கலாகாது என்னும் விதிகளுடன் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர், 1935இல் ஓய்வு பெறும்போதும் உதவிப் பேராசிரியரே. இத்தகைய சூழலில் தம் புகழ்பெற்ற ஆய்வு பிழையானது என்று தாமே அறிவித்தது பெருந்துணிவு. ஆடம்ஸ் நூலைப் படிப்போர் ஹாமில்டன் நூலையும் சேர்த்துப் படித்தாலன்றி இவ்வரலாறு நிறைவு பெறாது.

மூன்றாம் குறையே மிகப் பெரியது. 1901 ஜனவரியில் அம்மையார் ஓர் இதழில், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆனால் கொல்லப்பட்டோர் கொடிய குற்றம் புரிந்தவர் என்னும் எதிரிகளின் கூற்றை, வாதத்திற்காக என்று ஏற்றுக்கொண்டே வாதிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் ஐடா வெல்ஸ் அம்மையார் அதே இதழில் விடை எழுதினார். ஆடம்ஸின் நல்லெண்ணத்திற்கு நன்றி கூறிவிட்டு, அவ்வாதத்தின் அடித்தளமே பொய் என்று காட்டினார். வெள்ளையர் நடத்திய சிகாகோ நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்ட புள்ளிகளையே எடுத்து, கொல்லப்பட்டோரில் மிகச் சிறுபான்மையினர் மீதே அத்தகைய குற்றச்சாட்டேனும் இருந்தது என்று மெய்ப்பித்தார்.

வெல்ஸ் யார் என்பதை அறிந்தால் இவ்விடையின் வலிமை புரியும். 1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பதினாறு வயதில் பெற்றோரை மஞ்சட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தம்பி தங்கையரைக் காக்க ஆசிரியரானவர். ஆடம்ஸ் எட்டு ஆண்டு தேடியும் கிட்டாத வேலை, வெல்ஸைச் சிறுமியாய் இருக்கும்போதே வந்து பற்றிக்கொண்டது. ‘ஆயத்தம் என்னும் கண்ணி’ செல்வர் வீட்டுப் பெண்ணின் துன்பம். வெல்ஸுக்கு ஆயத்தமாகவே அவகாசம் இல்லை. 1892இல் மெம்பிஸ் நகரில் தம் நண்பர் உட்பட மூன்று கடைக்காரர்கள் கும்பலால் கொல்லப்பட்டபோது, பத்திரிகை ஆசிரியரான அவர் காரணத்தைத் துருவி எழுதினார். வாணிகப் போட்டியே பின்னணி என்று கண்டார். அவர் அச்சகம் நொறுக்கப்பட்டது. 1913இல் அவர் சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்கு வாக்குரிமைச் சங்கம் நிறுவினார். அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினத்தவர் பின்வரிசையில் வர வேண்டும் என்றனர். வெல்ஸ் மறுத்தார், பேரணி நடக்கையில் கூட்டத்திலிருந்து இறங்கி இல்லினாய் அணியினருடன் நடந்தார். அவர் தன்வரலாறு ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றுவிட, 1931இல் அவர் மறைந்தார். அதை அவர் மகள் பதிப்பித்து வெளியிட்டது 1970இல்தான். ஆடம்ஸின் நூல் எழுதியதும் அச்சேறிப் புகழ் பெற்றது. வெல்ஸின் நூல் நாற்பது ஆண்டு காத்திருந்தது. நூல்களுக்கும் பின்வரிசை உண்டு போலும்!

இரு அம்மையாரையும் பகைவராகக் கருதுதல் தவறு. சிகாகோ பள்ளிகளை நிறவாரியாகப் பிரிக்கும் யோசனைக்கு நாளிதழ் ஒன்று ஆதரவு திரட்டியபோது, வெல்ஸ் நாடிச் சென்றது ஆடம்ஸையே. ஆடம்ஸ் நகரப் பெரியோரைக் கூட்டி அம்முயற்சியை நிறுத்தினார். இதை நன்றியுடன் எழுதியிருப்பவர் வெல்ஸ். ஆயினும் 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் புதுக் கட்சி தென் மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இடம் மறுத்தபோது, வருந்திக்கொண்டே ஆடம்ஸ் அம்மாநாட்டில் அமர்ந்திருந்தார். கணக்கர் இறந்தபோது அவர் கற்ற பாடம் இங்கே துணை வரவில்லை. விசாரியாமல் விதியை ஏற்றல் பிழை என்று அறிந்தவர், விசாரியாமல் ஊர்ப் பேச்சை ஏற்றார். பரிவு ஒருபோதும் அவரிடம் குன்றவில்லை; பரிவுக்கு முன்னே நடக்க வேண்டிய விசாரணையே சில இடங்களில் பின்தங்கியது.

ஆடம்ஸ் படிப்பை விட்டு வந்த அதே பிலடெல்பியா மருத்துவக் கல்லூரிக்கு 1895இல் இன்னொரு பெண் வந்து சேர்ந்தார். அவர் வரலாறு நம் வாசகர்க்கு அறிமுகமானது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அமெரிக்கரான ஐடா ஸ்கடரே அவர். திண்டிவனத்தில் தந்தை மருத்துவராயிருந்த வீட்டின் கதவை ஒரே இரவில் மூவர் தட்டினர்: ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறு சாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவரை மூவரும் ஏற்கவில்லை. ஸ்கடரோ அன்று மருத்துவம் அறியாதவர். மூன்று பெண்களும் இறந்தனர். அதன் பின்னரே அவர் கல்லூரிக்குச் சென்றார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வேலூர் வந்தார். 1918இல் அங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆடம்ஸ் கல்வியைக் கையில் வைத்துக்கொண்டு தேவையைத் தேடினார். ஸ்கடரைத் தேவை முதலில் தேடி வந்தது. அவர் கல்வியைத் தேடிச் சென்றார். அவருக்கு ஆயத்தம் கண்ணியாகவில்லை. எதற்கு என்று அவர் அறிந்திருந்தார்.

ஆடம்ஸ் அம்மையார் 1915இல் போரை எதிர்த்துப் பேசியதால் தூற்றப்பட்டார், 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், 1935இல் மறைந்தார். அவர் நூலைப் புகழ்மாலையாகப் படிப்போர்க்கு அதில் கிடைப்பது குறைவு. பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அதன் பின் என்ன என்று எண்ணாத பெற்றோரும், படித்து முடித்து மீண்டும் மீண்டும் படிக்கவே அனுப்பப்படும் மகளும் அதில் ‘ஆயத்தம் என்னும் கண்ணி’ என்னும் அதிகாரத்தை முதலில் படிக்க வேண்டும். படித்தபின், வெல்ஸின் தன்வரலாற்றையும் ஹாமில்டனின் தன்வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஞ்சிய அதிகாரங்களுக்குப் போகலாம். முதல் நூல் கற்றவரைத் தெருவுக்கு அழைக்கிறது. மற்ற இரண்டும், தெருவில் இறங்கியவர் எதையும் விசாரித்தே நம்ப வேண்டும் என்று கற்பிக்கின்றன. மூன்றும் சேர்ந்தே ஒரு பாடம்.